எட்டுப் பேர் கேட்ட கடிதம்

ஷரீபா பீவி தன் கணவருக்கு எழுதும் கடிதங்களில் சேதி என்று எதுவும் இருக்காது. அமீருதீன் ஷார்ஜாவுக்குப் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. திண்டிவனத்து வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு எழுதும் நீல ஏரோகிராம் தாளை விரித்தால், அவள் கை வரிகளை உடைத்து உடைத்துத்தான் எழுதும். எண்பத்து நான்காம் வருஷம் ஐப்பசியில் இப்படி எழுதினாள்:

இன்றைக்கு இங்கே மழை.
ஈரத் துணியை வீட்டுக்குள் கட்டினேன்.
உங்கள் பழைய சட்டை ஒன்று
கதவோரம் நின்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவரிடமிருந்து, வீட்டுச் சேதியும் எழுது என்று இரண்டு வரி வரும். கவிதை பிடித்ததா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், இரண்டு வீடு தள்ளியிருந்த நூர்நிஷா கடிதத்தோடு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கல்யாணமான நாற்பதாம் நாள் விமானம் ஏறிய அவள் கணவன் ஷபியுல்லா, அமீருதீனின் அறையில்தான் தங்கியிருந்தான். நலம், நலமறிய ஆவல், அம்மாவைப் பார்த்துக்கொள் என்பதற்கு மேல் அவன் எழுதியதே இல்லை. அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

இன்றைக்கு இங்கே வெயில்.
காய்ந்த துணியை அறைக்குள் கட்டினேன்.
நீ கொடுத்த கைலி ஒன்று
கதவோரம் நின்று
என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஷரீபா படிப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். நூர்நிஷா முந்தானை நுனியைப் பல்லில் கடித்தபடி, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு வாட்டி படிக்கா,” என்றாள். “இவ்ளோவும் மனசுல வச்சிக்கினு இருந்திருக்காரு. எனக்குத் தெரியாமப் போச்சு.”

ஷரீபா மூன்று தடவை படித்தாள். கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் விழுப்புரத்துக்கு, அம்மா வீட்டுக்கு ரயிலேறினாள். வழியெல்லாம் வயல்களில் தண்ணீர் நின்றது. தண்ணீருக்குள் வானம் இருந்தது. அதன்மேல் ரயில் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பது போலிருந்தது. ஒருவர் காதில் சொன்னதை ஊரே கேட்டுவிட்டதே என்று உடம்பு கூசியது. நூர்நிஷாவின் சிரிப்பும் கூடவே வந்தது. கோபப்படவும் முடியவில்லை. விழுப்புரத்தில் இறங்கியதும் ஒரே வரியில் கடிதம் போட்டாள்: என் கவிதையை யாருக்கெல்லாம் படித்தீர்கள்?

ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது நூர்நிஷா புது ஏரோகிராமோடு காத்திருந்தாள். அவர் எழுதின மாதிரியே பதில் எழுதவேண்டும் என்றாள்.

“நீ சொல்லு. நான் எழுதறேன்,” என்றாள் ஷரீபா.

நூர்நிஷா எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு, யாரிடமோ சொல்வது போல மெல்லச் சொன்னாள்: “கெணத்துல தண்ணி மேல ஏறியிருக்குது. எட்டிப் பாத்தா என் மூஞ்சி கிட்டக்கவே தெரியுது. நீங்க போனப்போ அது எங்கியோ அடியில கெடந்துச்சு.”

ஷரீபா ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. வரிகளை மட்டும் உடைத்தாள்.

தை பிறந்து அமீருதீனின் பதில் வந்தது. இந்த முறை தாள் நிறைய எழுதியிருந்தார். அவளுடைய முதல் கவிதையைத் தனியாகப் படித்துத் தாங்க முடியாமல் போயிற்றாம். அதனால்தான் அறையில் சத்தமாகப் படித்தாராம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை லீவு நாளில் அவள் கவிதையைக் கேட்காமல் அறையிலிருக்கும் எட்டுப் பேரும் சாப்பிட உட்காருவதில்லை. ஷபியுல்லா எழுதிக்கொள்ளக் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான், எனக்கு இப்படி எழுத வராது என்பதால் உனக்குப் பதில் சொல்லவே பயந்தேன் என்றிருந்தார். கடைசியில் இப்படி முடித்திருந்தார்:

“கிணற்றுக் கடிதத்தை ஷபியுல்லா படித்தான். உன் கவிதைகளைவிட அதுதான் உசத்தி என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நான் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.”

ஷரீபாவுக்குச் சின்னதாகப் பொறாமை எழுந்தது. கடைசி வரியை மறுபடி படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் இரண்டு ஏரோகிராம் வாங்கி வந்தாள். ஒன்றில், எட்டுப் பேரும் கேட்கட்டும் என்று மல்லாட்டைக் காட்டில் கடலைச் செடிகளுக்கிடையே மேயும் மயில்களைப் பற்றி எழுதினாள். மற்றதன் தலைப்பில், ‘இதைச் சத்தமாகப் படிக்காதீர்கள்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.