வெண்புருவர் விண்ணேறிய கடைசி அத்தியாயம்

யென் வான்-தேவின் கால்கள் பன்னிரண்டு வருடங்களாகத் தரையில் படவில்லை. முதலில் ஒரு சாண் உயரத்தில்தான் மிதந்தார். பிறகு அது முழங்கால் உயரம் ஆனது. ‘கார்முகில் மலை’ என்ற தொலைக்காட்சித் தொடர் முடியப்போகிறது என்று அறிவிப்பு வந்த வருடம், மனிதர் இடுப்பு உயரத்தைத் தாண்டிவிட்டார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், இவருக்குச் சறுக்கவே இல்லை. அதே காலத்தில் சிப்பியின் விலையும் பால்மீனின் விலையும் இவரைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்ததால் ஷுய்தோ ஊர்க்காரர்கள் விலைவாசியைப் பற்றித்தான் பேசினார்கள். அவருடைய மனைவி ஹுங் பி-யூன் மட்டும் அவர் மிதப்பதைப் பற்றித் தினமும் பேசினாள். பேசாமல் என்ன செய்வாள், இரவில் அவர் கணுக்காலைக் கட்டில் காலோடு கட்டுகிறவள் அவள்தானே.

தைவானின் மேற்குக் கரையில், சிப்பி வளர்க்கும் ஊர் ஷுய்தோ. அங்கே மூடிக் கிடந்த சர்க்கரை ஆலையை காவ் என்ற தயாரிப்பாளர் வாடகைக்குப் பிடித்து, ‘கார்முகில் மலை’யை எடுக்கத் தொடங்கினார். வான்-தேவுக்கு அதில் வெண்புருவ முனிவர் வேடம். தரை தொடாமல் நடப்பது, ஒரு விரலால் வாளைத் தடுப்பது, யாருக்கும் புரியாமல் ஆரூடம் சொல்வது, இவை மூன்றும் முனிவருக்கு வேலை. கம்பி கட்டித்தான் தூக்கினார்கள். சந்திரப் புத்தாண்டு வந்தபோது கம்பி ஆட்கள் கம்பியை அவிழ்த்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். படப்பிடிப்பு நின்றதா என்றால் இல்லை, முனிவரும் கீழே வரவில்லை. யாரும் கவனிக்கவும் இல்லை. பதினைந்து நாள் கழித்துத் தெரிந்ததும் காவ் கம்பி ஆட்களை வேலையை விட்டு அனுப்பினார். அதிசயத்தைக் கண்டால் கும்பிடுகிறவர்கள் உண்டு, ஓடிப்போகிறவர்களும் உண்டு. அதில் செலவு மிச்சம் பார்த்தவர் எனக்குத் தெரிந்து காவ் ஒருவர்தான்.

அதோடு முடிந்திருந்தாலும் சரி. வசனகர்த்தா பெங் எதை எழுதினாலும் அது வான்-தேவுக்கு வீட்டிலும் நடந்தது. பனிமலைக் காட்சிகள் எழுதப்பட்ட ஆகஸ்டில், ஊரே வியர்த்துக் கொட்டியபோது அவர் மட்டும் போர்வைக்குள் தும்மினார். நான்கு அத்தியாயங்களுக்கு முனிவரின் கண்கள் பறிபோயின. அந்த மாதம் முழுக்க பி-யூன் அவர் இடுப்பில் கயிறு கட்டிக் கடைத்தெருவில் இழுத்துக்கொண்டு போனாள், அப்படியும் மருந்துக்கடைப் பலகையில் இரண்டு முறை முட்டிக்கொண்டார். முனிவருக்கும் ஒரு நரிப்பெண்ணுக்கும் காதல் என்று பெங் எழுதிய வாரத்தில் பி-யூன் சிப்பி ஆம்லெட் திருப்பும் கரண்டியோடு பெங்கின் வீட்டுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். அடுத்த அத்தியாயத்தின் முதல் காட்சியிலேயே நரிப்பெண் மலையிலிருந்து தவறி விழுந்து இறந்தாள். எப்படித் தவறினாள் என்று பார்வையாளர்களுக்கு இன்றுவரை விளக்கப்படவில்லை.

ஊருக்கு அவர் எப்படிப் பயன்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாம் மாதத்தில் கடல் தெய்வமான மாஸு அம்மனின் பல்லக்கு ஊர்வலம் வரும்போது சனங்கள் தெருவில் ஒருவர் பின் ஒருவராக மண்டியிட்டுக் குனிந்துகொள்வார்கள். பல்லக்கு அவர்கள் முதுகுக்கு மேலே கடந்து போகும். அப்படிக் கடக்கும்போது கீழே இருப்பவர் கேட்பதை மேலே இருப்பவர் மறுக்கக் கூடாது, குனிந்த ஒருவரையும் தாண்டாமல் விடவும் கூடாது. அதுதான் வழக்கம். அம்மனோ வருடத்துக்கு ஒரு முறை வருகிறாள். வான்-தே இதே ஊரில் குடியிருக்கிறார், சிகரெட் வாங்கத் தினமும் வெளியே வருகிறார். விடுவார்களா? பரீட்சை எழுதும் பிள்ளைகள், மூட்டுவலிக்காரர்கள், தேர்தலில் நிற்கிறவர் எல்லாரும் அவர் வரும் வழியில் குனிந்தார்கள். அவர் கடந்தார், கேட்டது கிடைத்தது. எதிரெதிராக நின்ற இரண்டு வேட்பாளர்களும் குனிந்த வருடம் மட்டும் வாக்குகள் சமமாகி, சீட்டுக் குலுக்க வேண்டி வந்தது. ஒரு சிகரெட் பெட்டி வாங்கிவர அவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

ஊரில் குனியாதவள் ஒருத்திதான். அவள் கோயில் வாசலில் சிப்பி ஆம்லெட் கடை போட்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் கேட்டால், “கட்டின புருஷன் காலுக்கு அடியில போயி மண்டி போடவா? அந்தாளோட ஜட்டியத் துவைக்கிறவ நானு” என்பாள்.

இப்போது தொடர் முடிந்த கதைக்கு வருவோம். பன்னிரண்டு வருடமாகப் பின்னிய கதை அது. மூன்று ஆரூடங்கள், காணாமல் போன ஓர் இளவரசன், ஆறு வருடமாக இதோ பொரிகிறேன் அதோ பொரிகிறேன் என்று விரிசல் விட்டுக்கொண்டிருந்த ஒரு நாக முட்டை, இத்தனையும் பாக்கி. இந்த நேரத்தில் காவுக்கு ஒரு சமையல் போட்டி நிகழ்ச்சி கிடைத்தது. ஆவிகள் மாதம் பிறந்துவிட்டால் புது வேலை தொடங்கக் கூடாது, அதற்குள் ஆலை காலியாக வேண்டும் என்றார். கல்யாணம் முடிந்த பந்தலைக்கூட அவ்வளவு அவசரமாகப் பிரிக்க மாட்டார்கள், ஆறே அத்தியாயத்தில் எல்லாவற்றையும் முடித்தார்கள். நாக முட்டையை ஒரு சிப்பாய் பசிக்கு அவித்துத் தின்றான். தம்பியைத் தேடி ஏழு கடல் தாண்டிய இளவரசி, எதற்காகப் புறப்பட்டோம் என்பது மறந்துபோய்த் துறவியானாள். அரியணையில் யார் அமர்வது என்று நாடே பந்தயம் கட்டியிருந்தபோது, முதல் அத்தியாயத்திலிருந்து பின்னால் குதிரை பிடித்துக்கொண்டு நின்றவனை உட்கார வைத்தார்கள். இவன்மேல் யாருக்கும் கோபமில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இவர்கள் தோட்டத்தையே மறைத்தார்கள்.

மிச்சமிருந்தவர் வெண்புருவர். அவருக்கு மட்டும் பெங் ஏழு முடிவுகள் எழுதினார். ஆலையில் முதல் நாளே மாஸு அம்மனிடம் அனுமதி கேட்டுத்தான் தொடங்கினார்கள், ஆகவே முடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். அம்மன் முன்னால் பிறை வடிவக் கட்டைகள் இரண்டை வீசுவார்கள், ஒன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் நிமிர்ந்து கிடந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம். ஆறு முடிவுகளுக்கு அம்மன் சிரித்தாள். தொடரைத் தவறாமல் பார்த்தவள் என்பதால் அவளைக் குறை சொல்ல முடியாது. ஏழாவதற்கு மூன்று முறையும் சம்மதம் விழுந்தது. அந்த முடிவில், கடைசிப் போர் நடக்கும்போது வெண்புருவர் மேகம் கிழித்து விண்ணேறுகிறார், திரும்பி வருவதில்லை.

செய்தி கேட்டு பி-யூன் பெங்கின் வீட்டுக்குப் போனாள். இந்த முறை கரண்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அதைப் பார்த்து பெங் இன்னும் பயந்தார்.

“விண்ணேறுறாருன்னா, எங்க போவாரு?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் யோசிக்கலக்கா. மேல போறாரு, எழுத்து ஓடுது, முடிஞ்சுது.”

“உனக்கு முடிஞ்சுது. எனக்கு?”

பெங் டீக்கோப்பையைப் பார்த்தபடி, மாற்றி எழுதினால் முதலாளி வேறு ஆளை வைத்து எழுதிவிடுவார், தவிர அம்மனே மூன்று முறை சம்மதம் சொல்லிவிட்டாள் என்றார். பி-யூன் நேராகக் கோயிலுக்கு நடந்தாள். ஏன் சம்மதம் சொன்னாய் என்று கேட்டுக் கட்டைகளை வீசினாள். அம்மன் சிரித்தாள். மறுபடி வீசினாள், மறுபடி சிரித்தாள். கோயில் பூசாரி, ஏன் என்ற கேள்விக்குக் கட்டை பதில் சொல்லாது, ஆமா இல்லையா என்றுதான் கேட்க வேண்டும் என்று விளக்கினார். அவள் பூசாரியை முறைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பி, அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஆம்லெட்டைக் கருக்கிக் கொடுத்தாள்.

வான்-தே பயந்துதான் போயிருந்தார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு முகத்தில் தாடிதான் தெரியும். படப்பிடிப்பு நாள் காலையில், கட்டிலோடு கட்டிய முடிச்சை அவள் அவிழ்க்க வந்தபோது மட்டும், “கொஞ்சம் இருக்கட்டுமே” என்றார். முடிச்சை அவிழ்க்க வழக்கத்தைவிட நேரமானது.

போர்க்களம் ஊருக்கு வெளியே, பழைய உப்பளத்தில். தேவர் படையும் அசுரர் படையும் ஷுய்தோ ஊர்க்காரர்கள்தான். பகல் சாப்பாடும் கவசமும் காவ் கொடுத்தார், கவசம் அட்டை. இந்தக் கடைசி அத்தியாயத்தைக் காவே இயக்கினார். அவர் கை அசைத்ததும் முரசு முழங்கியது, இரண்டு படைகளும் ஆவேசமாக ஓடிவந்தன. நடுவே, தோள் உயரத்தில், வெண்புருவர் மிதந்து வந்தார். பன்னிரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா? அவர் வருவதைக் கண்டதும் தேவர் படையின் முதல் வரிசை வாளைப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் குனிந்தது. அசுரர் படையில் மீன்கடை ஆ-ஷுய், தன் மகளுக்கு வரன் அமையாத கவலையில் இருந்தவன், அவர்களுக்குப் பின்னால் போய்க் குனிந்தான். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பிரபஞ்சத்தின் இறுதிப் போர் ஒரு நீண்ட வரிசையாகி, உப்பளத்தைக் கடந்து சாலை வரைக்கும் போய்விட்டது. இனி ஆள் கிடைக்கமாட்டார் என்பதால் எல்லாரும் பெரிதாகவே கேட்டார்கள். காவ் ஒலிபெருக்கியில் கத்தினார், எழுந்திருக்காதவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்றார். தெய்வக் காரியத்தில் சாப்பாட்டை யார் பார்ப்பார்கள், ஒருவரும் அசையவில்லை.

வான்-தே கடக்கத் தொடங்கினார். ஏழாவது முடிவு அவரை மேலே இழுத்தது, குனிந்த முதுகுகள் அவரைப் போகவிடவில்லை. ஒவ்வொருவரையும் தாண்டும்போது ஒரு விரற்கடை ஏறினார். வரிசை பாதி வரும்போது கூரை உயரத்துக்கு மேலே போய்விட்டார். அன்று மட்டும் கோயில் வாசலை விட்டுச் சாலையோரத்தில் கடை போட்டிருந்த பி-யூன், வரிசை எவ்வளவு நீளம், அது முடியும்போது இவர் எவ்வளவு உயரத்தில் இருப்பார் என்று பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். ஊரே கவனித்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. போய் வரிசையின் கடைசியில் மண்டியிட்டாள்.

அவர் அவள் தலைக்கு மேலே வந்தபோது ஒரு தென்னை உயரத்தில் இருந்தார். அவள் நெற்றியைச் சேற்றில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“இறங்குய்யா. அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து போச்சு. வேற ஒண்ணும் கேக்கல.”

மறுக்கக் கூடாது என்பது வழக்கம். வான்-தே இறங்கினார். மெதுவாகத்தான், நேராக அவள் முதுகின்மேல் இரண்டு பாதங்களும் பட்டன. பனிக்கட்டி மாதிரி இருந்ததாகப் பிறகு சொன்னாள். அவள் முதுகு தாங்கவில்லை, இருவரும் சேர்ந்தே சேற்றில் உருண்டார்கள். பி-யூன் அழுதாள், சந்தோஷத்தில்தான் அழுதாள், அதை மறைக்கவும் இல்லை. “நல்லாத்தான்டா தின்னிருக்க” என்று அவர் முதுகில் அடித்தாள். வான்-தே எழுந்து நிற்க முயன்று, பழக்கமில்லாததால் மறுபடி விழுந்தார்.

காவுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, மறுநாள் சமையல் போட்டிக்கு அடுப்புகள் வருகின்றன. வான்-தேவின் சேறான அங்கியைப் பிடுங்கி உதறிப் போட்டுக்கொண்டார், வெண்புருவங்களைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார், முதுகுப் பக்கமாக எடுத்தால் யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, ஏழாவது முடிவுப்படி இரு கைகளையும் விரித்தார். ஏறினார். ஒரே டேக்கில் ஓகே ஆனது. பெங் மட்டும் கீழே நின்று, “முதலாளி, போதும் முதலாளி” என்று இரண்டு முறை கூப்பிட்டார். எழுத்து அப்படி, வேலை செய்யாமல் விடுமா.

கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானபோது நாடு முழுக்கத் திட்டினார்கள். பன்னிரண்டு வருடம் காத்திருந்தது இதற்கா என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். படைகள் குனிந்த காட்சியில் ஒரு பேராசிரியர் மட்டும் உலக சமாதானத்தைக் கண்டார். விண்ணேறும் காட்சியில் கம்பி அப்பட்டமாகத் தெரிகிறது, இவ்வளவு மட்டமான வேலையைப் பார்த்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. காவ் கோயில் கோபுரத்துக்குச் சற்று மேலே நின்றுவிட்டார். தொலைபேசியில் அங்கிருந்தே நிறுவனத்தை நடத்துகிறார், சமையல் போட்டி இரண்டாம் வருடமாக ஓடுகிறது, சாப்பாட்டைக் கழியில் மாட்டி அனுப்புகிறார்கள். காற்றடிக்கும் நாட்களில் அவர் தங்கள் வீட்டுக்கு மேலே கடந்தால் சிலர் குனிந்து பார்த்தார்கள். கேட்டது கிடைக்கிறது, ஆனால் பாதிதான் கிடைக்கிறது என்கிறார்கள்.

வான்-தே தம்பதி மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். இறங்கிய பிறகு அவருக்கு நடை மறந்து, ஒவ்வொரு அடியையும் இடிப்பதுபோல் வைத்தார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த இரண்டாம் மாடி ட்செங் ஏறி வந்து கதவைத் தட்டி, விடிந்ததிலிருந்து கூரை அதிர்கிறது, மேலே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு நடக்குறாரு” என்றாள் பி-யூன்.

ட்செங் கொஞ்ச நேரம் வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சமையலறையிலிருந்து ஜன்னல் வரை போய், அங்கிருந்து திரும்பி வந்தது. செருப்பாவது போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கிப் போனாள். பி-யூன் அவரிடம் அதைச் சொல்லவே இல்லை.