காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

"பாஸாம்," என்றாள் நிக்கோலா.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, டின் பீன்ஸைச் சூடாக்கிய சட்டியிலிருந்து நான்கு தட்டுகளிலும் ஊற்றினாள். மணி ஐந்தரை. மாலைச் சாப்பாட்டு நேரம். யாரும் கைதட்டவில்லை. பாஸானவளான டீகன் வறுத்த மீன்துண்டின் மேல்தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளோடு இரட்டையாகப் பிறந்த ஃபிரேயா, போன வருஷமே பாஸானவள், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்த் தரைக்கம்பளம் பதிக்கிற அப்பா கார்ல், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"பாஸ்னா சீட்டு உண்டுதானே?"

"தகுதி உண்டாம். சீட்டு இல்லையாம். லிஸ்ட்ல போட்டிருக்காங்க."

"அப்ப அது என்ன பாஸு?"

அதற்கு மின்னஞ்சலில் பதில் இல்லை.

அந்த ஊரில் பத்து வயதில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு பரீட்சை நடத்துவார்கள். மூளை உள்ளவர், இல்லாதவர் என்று அன்றே பிரித்துவிடுவார்கள். உள்ளவர் கிராமர் ஸ்கூலுக்கு, மற்றவர் ஹைஸ்கூலுக்கு. அதற்குமேல் மூளை வளராது என்பது மாவட்டத்தின் கொள்கை. விதியை மீறி வளர்த்துக்கொண்டவர்களுக்காக ஒரு சலுகை உண்டு. தாமத நுழைவு என்று பெயர். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கிராமர் ஸ்கூல் கேன்டீனில் இன்னொரு பரீட்சை. தேறினால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும். உள்ளே படிக்கிற ஒரு பெண் ஊரைவிட்டுப் போனால்தான் இடம் காலியாகும். ஆகவே பட்டியலில் உள்ள பெற்றோர், முகம் தெரியாத அப்பாக்களுக்குத் தூர தேசத்தில் நல்ல வேலை கிடைக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டிருப்பார்கள்.

பதினொரு நிமிஷ இடைவெளியில் பிறந்த இரண்டு பேரையும் அந்த முதல் பரீட்சை பிரித்துப் போட்டது. ஃபிரேயா தேறினாள். டீகனுக்கு இரண்டு மார்க் குறைவு. பள்ளி திறக்கும் நாளில் அந்தத் தெருவில் எல்லாரும் பிள்ளைகளைச் சீருடையோடு வாசல்கதவின்முன் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். நிக்கோலாவும் பிடித்தாள். இடதுபக்கம் டீகன், கறுப்பு ஸ்வெட்டரில். வலதுபக்கம் ஃபிரேயா, மெரூன் கோட்டில், மார்பில் யாருக்கும் அர்த்தம் தெரியாத லத்தீன் வாசகத்தோடு. கார்லின் அக்கா மேண்டி அந்தப் படத்தைத் தன் ஃபிரிட்ஜில் பாசமாக ஒட்டிவைத்தாள், இடதுபக்கத்தை மடக்கி.

"எடம் பத்தலம்மா," என்றாள் டீகனிடம். ஃபிரிட்ஜ் ஆளுயரம் இருந்தது.

அன்றிலிருந்து இரண்டு பஸ். டீகனின் வகுப்புக்கு அறிவியல் சொல்லித்தர ஆறு மாதத்தில் ஐந்து தற்காலிக ஆசிரியர்கள் வந்து போனார்கள். ஐந்து பேரும் எரிமலை பற்றிய ஒரே படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஃபிரேயாவின் பள்ளியில் வாரம் ஒரு தேர்வு, வாரம் ஒரு ரேங்க். அவள் படிக்கும்போது காதோரத்து முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்குள் அங்கே ஒரு நாணயத்தின் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. நிக்கோலா அவள் தலைமுடியை வேறு பக்கமாக வாரிவிட்டாள். வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. எதைப்பற்றியும் பேசுவது குறைந்துபோயிருந்தது.

"என் சீட்டை இவ எடுத்துக்கட்டும்," என்றாள் ஃபிரேயா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கார்ல் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"எனக்கு உன் எச்சில் சீட்டு வேணாம்," என்றாள் டீகன்.

"எச்சில்லாம் இல்ல. நான் அதுல ஒருநாள்கூட ஒழுங்கா உக்காந்ததே இல்ல."

"எனக்காகத் தியாகம் பண்றியாக்கும்?"

"உனக்காகவா? மூஞ்சியப் பாரு. எனக்காகத்தான். உன் ஸ்கூல்ல எரிமலைப் படம் போடறாங்கல்ல? எனக்கு அது போதும்."

டீகன் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்ததால், கார்ல் என்ன சத்தம் என்று ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"நம்ம வீட்டுக்கு ஒரு சீட்டு இருக்கு," என்றான் பிறகு, யோசித்து யோசித்து. "ஆளை மட்டும் மாத்தறோம். அதே குடும்பப் பேரு, அதே அட்ரஸ், ஏன், அதே பொறந்தநாளு. இதுல என்ன இருக்கு?"

"நான் ஆபீஸ்ல கேட்டுடறேன்," என்றாள் நிக்கோலா.

கேட்பதில்தான் சங்கடம் இருந்தது. அந்த ஊர்த் தாய்மார்கள் எதையும் நேராகக் கேட்டுப் பழகியவர்கள் அல்ல. பரீட்சைக்குப் பேர் கொடுத்திருப்பதைச் சொல்லமாட்டார்கள். மார்க்கைச் சொல்லமாட்டார்கள். டியூஷன் வாத்தியார் பெயரைச் சாகும்வரை சொல்லமாட்டார்கள். "டியூஷனா? சேச்சே, சும்மா ரெண்டு புஸ்தகம் வாங்கிப் போட்டேன்," என்பார்கள். டியூஷன் வாசலில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால், இரண்டு பேருமே நாயை நடத்திக்கொண்டு வந்தவர்களாகிவிடுவார்கள். ஒருத்தியிடமும் நாய் இருக்காது. நிக்கோலாவும் மூன்று வருஷமாக அப்படித்தான் பேசிவந்தாள். வாய் அதற்கே பழகிப்போயிருந்தது.

மறுநாள் காலை அட்மிஷன் அலுவலகத்தில் போனை எடுத்தவர் திருமதி பெவரெல்.

"டீகன் பேரு லிஸ்ட்ல எங்கங்க இருக்கு?"

"முதல்ல இருக்கும்மா. அவங்க சிஸ்டர் இங்கயே படிக்கறதால முன்னுரிமை."

"இப்ப ஒரு சீட்டு காலியானா?"

"இன்னிக்குக் காலியானா டீகனுக்குத்தான்." பெவரெல் அம்மாள் சற்று நிறுத்தினார். "ஏன், யாராவது போறாங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் முன்னால் யாராவது புகுந்துவிடுவார்களோ என்று ஒரு பயம்.

"இல்லையே," என்றாள் நிக்கோலா. "சும்மா கேட்டேன்."

திங்கட்கிழமை ஃபிரேயாவை விலக்கிக்கொள்ளும் படிவத்தைக் கொடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் சூழல்' என்று எழுதினாள். ஹைஸ்கூல் அன்று மத்தியானமே ஃபிரேயாவைச் சேர்த்துக்கொண்டது. அங்கே யாரும் பட்டியல் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. டீகன் மெரூன் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். தோளில் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி?

புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. டீகன் ஏழாவது இடத்தில் இருந்தாள்.

"தப்பா அனுப்பிட்டீங்க போலிருக்கு," என்றாள் நிக்கோலா போனில்.

"இல்லம்மா, சரிதான். அவங்க சிஸ்டர் இப்ப எங்க ஸ்டூடண்ட் இல்லையே."

"அவதானேங்க அந்தச் சீட்டையே குடுத்தா!"

"குடுத்தாங்க. குடுத்ததாலதான் இல்ல." பெவரெல் அம்மாளின் குரல் இதமாக இருந்தது. "முன்னுரிமை போயிட்டா அப்புறம் தூரந்தான் கணக்கு. வீட்டு வாசல்லேர்ந்து ஸ்கூல் கேட்டுக்கு, நேர்கோட்டுல. நீங்க ஒண்ணரை மைல் தள்ளி இருக்கீங்க. சீட்டு கிடைச்சவங்க கேட்டுக்கு எதிர்லயே இருக்காங்க."

"அப்ப ஃபிரேயாவைத் திரும்பச் சேத்துக்குங்க. அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

"அவங்களும் தாமத நுழைவுக்கு எழுதலாம்மா. அடுத்த ஜனவரி."

"அவ ஏற்கெனவே பாஸானவதானேங்க."

"அது பதினோரு வயசுல சேர்றதுக்கான பாஸு. காலாவதியாயிடுச்சு."

நிக்கோலாவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல் எங்கோ ஓரிடம் மரத்துக் கிடந்தது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க," என்று மட்டும் சொன்னாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. யாராவது போறாங்களான்னு நான்கூடக் கேட்டேன்."

பெவரெல் அம்மாள் நல்லவர். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். விதியை அவர் எழுதவில்லை. அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத் தான் எழுதவில்லை என்பார்.

வீட்டில் சொன்னபோது கார்ல் "சரி" என்றான். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை "சரி" என்றான். ஃபிரேயாவின் கை காதோரத்துக்குப் போய், பாதியில் நின்று, மடியில் இறங்கியது. நான்கு மாதச் சனிக்கிழமைகளை டியூஷனில் கழித்திருந்த டீகன் மாடிக்குப் போய், அன்றும் போட்டுப் பார்த்திருந்த மெரூன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஸ்வெட்டரோடு இறங்கிவந்தாள். யாரும் அழவில்லை. அழுவதற்கு யாராவது ஒருவர் தப்பு செய்திருக்கவேண்டும். இங்கே எல்லாரும் விதிப்படிதான் நடந்திருந்தார்கள்.

நிக்கோலா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வெள்ளிக்கிழமை நண்பகல், கவுன்டருக்கு முன் ஐந்தாறு பேர் வரிசை. முதலில் நின்ற கிழவர் தன் மூலவியாதி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கடைமுழுக்கக் கேட்கும்படி விளக்கிவிட்டு, களிம்பை வாங்கிக்கொண்டு பற்பசை அலமாரிப் பக்கம் ஒதுங்கினார். அடுத்து ஹெதர் என்ற பெண். ஒவ்வாமை மாத்திரைக்கு வழக்கமாக வருகிறவள். அவள் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன் நிக்கி. எங்க பொண்ணு பாப்பிக்கு கிராமர்ல எடம் கிடைச்சிடுச்சு. நடு வருஷத்துல! யாரோ ஒரு பொண்ணு, பாவம், தாக்குப்பிடிக்க முடியலையாம். விட்டுட்டுப் போயிடுச்சாம்."

நிக்கோலா மாத்திரைப் பெட்டியை இயந்திரத்தில் காட்டினாள். அது பீப் என்றது.

"என் பொண்ணுதான் அது," என்றாள். குரல் உயரவில்லை, தாழவும் இல்லை. விலை சொல்கிற குரல். "ஃபிரேயா. பாஸ் மார்க்குக்கு மேல ஒம்பது எடுத்தவ. அங்க போயி முடியைப் பிச்சுக்க ஆரம்பிச்சா. இன்னொருத்தி டீகன். போன வருஷம் ரெண்டு மார்க் கம்மி, இந்த வருஷம் பதினாலு மேல. ஒருத்தி சீட்டை இன்னொருத்திக்குக் குடுக்கலாம்னு பாத்தோம். அக்கா வெளிய வந்தா தங்கச்சிக்கு முன்னுரிமை போயிடுமாம். அவங்க சொல்லல. நான் கேக்கல. ரசீது வேணுமா?"

மூலத்தைப்பற்றி அவ்வளவு விரிவாகப் பேசிய கிழவர், காதில் விழக்கூடாதது விழுந்துவிட்டதுபோல் ஒரு பற்பசைக் குழாயின் பின்பக்கத்தை உன்னிப்பாகப் படிக்க ஆரம்பித்தார். ஹெதரின் கழுத்து சிவந்தது. ரசீது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போனாள்.

அடுத்து ஒரு பெண், ஒன்பது வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. இருமல் மருந்துச் சீட்டை நீட்டினாள். நிக்கோலா அதை வாங்கும்போது அவள் கவுன்டர்மேல் சாய்ந்து, உதடு அசையாமல் கேட்டாள்.

"பதினாலு மேலயா? எந்த டியூஷன்?"

நிக்கோலா அவளைப் பார்த்தாள். பிறகு அந்தச் சிறுமியின் காதோரத்தைப் பார்த்தாள். முடி நிறைய இருந்தது.

"மிஸ்டர் ஹோல்ராய்டு," என்றாள், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. "மில் லேன், பச்சைக் கதவு வீடு. சனிக்கிழமை காலைல பத்து மணி."

"மெதுவா, மெதுவா..." அந்தப் பெண் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தாள்.

நிக்கோலா போன் நம்பரைச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை, ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள்.