டாங்குவேய் சூப்

மரிய புஷ்பம் பதினோரு வருடம் சிங்கப்பூரில் மேடம் லிம் வீட்டில் வேலை பார்த்தவள். வரதராஜன்பேட்டைக்குத் திரும்பி, இதயத்தில் செயற்கை வால்வும் வைத்துக்கொண்ட பிறகும், அந்த வீட்டுச் சமையலறையை அவளால் மறக்க முடியவில்லை.

போன நவம்பரில் மேடம் ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். பிரித்ததுமே புஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டாங்குவேய். சீனர்கள் சூப்பில் போடும் வேர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடந்தவளுக்கு மேடம் அதைக் கோழிக்கறியோடு கொதிக்க வைத்துக் கொடுத்தார். அன்றுதான் முதல்முறையாக இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதன்பிறகு மழை பெய்த மாலைகளில் எல்லாம் அந்தச் சூப்தான்.

புஷ்பம் தினமும் ஒரு கிண்ணம் குடித்தாள். பத்தாம் நாள் பல் துலக்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் நிற்கவில்லை. கைகளில் நீலத் திட்டுகள். மகள் ஜெயராணி பதறிப்போய் பஸ் ஏற்றிப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "புதுசா என்னம்மா சாப்புட்டீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க சார்."

"பொய் சொல்லாதம்மா. சீனாக்காரங்க வேரு சார், சூப்பு வச்சுக் குடிச்சுச்சு" என்றாள் ஜெயராணி.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடறீங்கல்ல? அதோட இது சேந்தா ரத்தம் நிக்காதும்மா."

"மருந்துன்னுதானே சார் குடுத்தாங்க" என்றாள் புஷ்பம்.

"மருந்துங்கறதாலதாம்மா பயம். வெறும் தழையா இருந்தா நான் ஏன் கேக்கப் போறேன்?"

நான்கு நாள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தாள். மூன்றாம் நாள் வீடியோவில் மேடத்தைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னாள். மேடம் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். அங்கும் நீலத் திட்டுகள். போன வருடம் இதயத் துடிப்பு தடுமாறியதிலிருந்து அவரும் அதே மாத்திரை சாப்பிடுகிறார். சூப் பற்றி டாக்டரிடம் சொன்னதே இல்லை.

பதினோரு வருடத்தில் ஒருநாளும் குரல் உயர்த்தாத புஷ்பம், தமிழில் பேசுகிறோம் என்பதே தெரியாமல் கத்தினாள்: "நாளைக்கே டாக்டர்கிட்ட போறீங்க! சூப்ப கீழ கொட்டுங்க!"

மேடம் தலையாட்டினார்.

அடுத்த வாரம் செய்தி வந்தது. பரிசோதனையில் அவருக்கும் ரத்தம் உறையும் நேரம் அளவு மீறியிருந்ததாம். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். புஷ்பம் அதை ஜெயராணியிடம் நான்கு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.