ஒன்பதாவது பொருத்தம்

பவதாரிணி கை வைத்த கம்ப்யூட்டர் திரும்ப ரிப்பேருக்கு வராது. தல்லாகுளத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். யாரும் கேட்காவிட்டால் அவளே சொல்லிவிடுவாள். "முழுசா சரியாயிருச்சு" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டால் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி. சரியானதை இல்லை என்றோ, சரியாகாததை ஆச்சு என்றோ அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஜோசியர் ஹாலாஸ்யத்திடமிருந்து போன் வந்தது.

"கொழந்தே, மெஷின் நின்னுபோச்சு. ஜாதகம் பாக்க வந்தவா எழுந்து போறேங்கறா. சட்டுனு வா!"

ஹாலாஸ்யம் வங்கியில் ஓய்வு பெற்ற பிறகு ஜோசியத்துக்கு வந்தவர். பஞ்சாங்கம் பார்க்க வராது. கம்ப்யூட்டர் சொன்னால்தான் அவருக்கே தெரியும். அந்த நன்றிக்கு அதைச் சாமி மாதிரி வைத்திருந்தார். வாஸ்துப்படி போன மாதம் பெட்டியைக் கிழக்கு முகமாகத் திருப்பி, முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, மேலே சிவப்புப் பட்டும் சாத்திவிட்டார்.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்த பவதாரிணி திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். மணமகன் தமிழ்மாறன். மணமகள் பவதாரிணி. கீழே எட்டுப் பொருத்தங்களுக்குப் பச்சை டிக். ஒன்பதாவதான ரஜ்ஜுவுக்கு எதிரே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்து, பாதியில் உறைந்து கிடந்தது.

நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்; அவளுடைய மஞ்சள் பை கம்ப்யூட்டர் பெட்டிமேல் இருந்தது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒச்சாயி, தமிழ்மாறனின் அம்மா. பவதாரிணியைத்தான் கட்டுவேன் என்று மகன் இரண்டு வருடமாகக் கெஞ்சியதில், பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் பேச்சு என்று சொல்லி இன்று ஜாதகத்தோடு கிளம்பி வந்திருந்தாள். எந்த ஜோசியர் என்று மகனிடம்கூடச் சொல்லவில்லை.

"நீ போட்டாவுல இருந்த புள்ளையில்ல?" என்றாள் ஒச்சாயி.

"ஆமாம்மா," என்றாள் பவதாரிணி. கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எங்கே ஒளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஹாலாஸ்யம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிவ சிவா என்று உட்கார்ந்துவிட்டார்.

"ரஜ்ஜுல வந்து நின்னுருச்சு தாயி," என்றாள் ஒச்சாயி. "ரஜ்ஜுன்னா தாலிக்கு ஆயுசு. அதுல போயி நின்னா நான் என்னத்த நெனைக்க? எனக்கும் பத்தும் பொருந்துதுன்னுதான் கட்டி வச்சாக. மூணே வருசத்துல அந்த மனுசன் போயிட்டாரு. மகனுக்குன்னு வரும்போது மனசு கேக்க மாட்டேங்குது."

 இந்தப் பெட்டி ஓடாவிட்டால் ஒச்சாயி அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். இரண்டு வருடக் காத்திருப்பு மண்ணோடு போகும்.

"சாமி, பெட்டியத் தொறந்து பாத்துருவோம்," என்றாள் பவதாரிணி.

"பன்னெண்டு மணி வரைக்கும் ராகுகாலம். தொடலாம், திறக்கப்படாது!"

அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாருமில்லை. பவதாரிணி பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தி மறுபடி போட்டாள். வைரஸ் தேடினாள். கணக்கின் நடுவில் நின்றதால் ஜாதக சாஃப்ட்வேர்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டி, அதை நீக்கிப் புதிதாக ஏற்றினாள். பாதி ஏறும்போது மவுஸ் அம்பு அசையாமல் நின்றது.

"மத்தவங்களுக்கும் ரஜ்ஜுலதான் நிக்குதா சாமி?"

ஹாலாஸ்யம் விரல் விட்டு எண்ணினார். "இந்த மாசம் வந்த பதினோரு ஜாதகமும் அங்கதான் நின்னுது."

"பதினொண்ணுமா?" ஒச்சாயி நிமிர்ந்தாள். "ஊர்ல ஒருத்தனுக்குக்கூடவா ரஜ்ஜு இல்லாமப் போகும்? என்னத்தா இது, என்ன கோளாறு?"

"தெரியலம்மா. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

ஒச்சாயி அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, வந்ததும் கம்ப்யூட்டர் பெட்டிமேல் பட்டுக்கு மேலாக வைத்திருந்த மஞ்சள் பையைத் திறந்து வெற்றிலையை எடுத்தாள். எடுத்தவள் முகம் கோணியது.

"காலைல கிள்ளுன வெத்தல. வெந்த கீரையாட்டம் தொவண்டு கெடக்கே!"

பட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, விருட்டென்று உதறினாள்.

"ஏத்தா, இங்க வந்து தொட்டுப் பாரு. சூடு கொதிக்குது! வெத்தலக் கட்ட இப்பிடிக் காத்துப் போகாம மூடி வச்சா ஒரே ராத்திரில வெந்துரும். இத இப்பிடிப் போத்தி, செவுத்துல சாத்தி வச்சிருந்தா என்னத்துக்கு ஆகும்?"

பவதாரிணி தலையில் அடித்துக்கொண்டாள். ஜோசியர் ஒவ்வொரு ஜாதகத்துக்கும் சூடம் காட்டிப் புதிதாக மெஷினைப் போடுவார். ஒரு பொருத்தத்துக்கு மூன்று நிமிடம் வியாக்கியானம். எட்டு முடிய இருபத்து நாலு நிமிடம். அதற்குள் பெட்டி சூடேறி மயங்கிவிடும். மயங்குகிற இடம் எப்போதும் ஒன்பதாவது.

பட்டுத் துணியைக் கழற்றினாள். மேஜையை அறை நடுவுக்கு இழுத்தாள். முகம் கிழக்கே இருக்க, முதுகுக்கு மட்டும் காற்று வந்தது. ஹாலாஸ்யத்தால் மறுக்க முடியவில்லை. எதிரே ஒரு டேபிள் ஃபேனையும் போட்டு ஆறவிட்டார்கள். ஆறியதும் பாதியில் நின்ற சாஃப்ட்வேரை அவள் முழுதாக ஏற்றி முடித்தாள். பன்னிரண்டு அடித்ததும் ஹாலாஸ்யம் சூடம் காட்டி, முதலிலிருந்து ஆரம்பித்து, ஒன்றைக்கூடச் சுருக்காமல் விளக்கினார். எட்டாவது முடிந்தது. வட்டம் சுற்றியது. நிற்காமல் சுற்றியது. மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

ரஜ்ஜு: பொருத்தம் இல்லை.

சிவப்பெழுத்தில், ஒரு நடுக்கமும் இல்லாமல் வந்து நின்றது.  பவதாரிணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் கையாலேயே சரிசெய்து தன் கல்யாணத்துக்கு உலை வைத்தாயிற்று.

 ஒச்சாயி துவண்ட வெற்றிலையில் ஒன்றை எடுத்துத் தொடையில் துடைத்துச் சுண்ணாம்பு தடவினாள்.

"ஏன் சாமி, ஒரு மாசமா மண்ட வெந்து கெடந்த மெசினு. காய்ச்சக்காரன் பெனாத்துறத யாராச்சும் கணக்குல எடுப்பாகளா?"

"அதெப்படி, இப்போதான் சரியாயிடுத்தே!" என்றார் ஹாலாஸ்யம்.

"அத நீங்க சொல்லப்படாது, கை வச்ச புள்ள சொல்லணும்." ஒச்சாயி திரும்பினாள். "நீ சொல்லுத்தா. இது முழுசா சரியாயிருச்சா?"

பவதாரிணி பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குளுகுளுவென்று இருந்தது. இதைவிட நன்றாக ஒரு கம்ப்யூட்டர் ஓட முடியாது. தல்லாகுளம் முழுக்க அவள் சேர்த்து வைத்த பேர் நினைவுக்கு வந்தது.

"இல்ல அத்தை," என்றாள். "இன்னும் ரெண்டு நாளாவது ஆறணும்."

ஒச்சாயி சிரிப்பை வெற்றிலையோடு சேர்த்து மென்றாள். பட்டுத் துணியை எடுத்து உதறி மடித்தாள்.

"அப்ப எட்டுப் பொருத்தம். போதும். சாமி, முகூர்த்த நாளக் காலண்டரப் பாத்துக் கைல எழுதிக் குடுங்க."