மாப்பிள்ளை கொண்டுவந்த மன அமைதி

பீங்கானில் கழிப்பறைக் கோப்பை செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு மன அமைதி வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. கொண்டுவந்தவர் முதலாளியின் மருமகன். தொழிற்சாலை முழுக்க அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பேர். அதற்கு மேல் அவர் சாதித்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. மூன்று நாள் பயிலரங்குக்குப் போய்வந்தவர், கூடத்துக்குக் கூடம் ஸ்பீக்கர் மாட்டிக் காலை முதல் மாலை வரை புல்லாங்குழலை ஓடவிட்டார். இசை கேட்டால் பதற்றம் குறையுமாம், நாடி இறங்குமாம். அதை அளக்க எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை.

சோதனைக் கூடத்தில், தட்டிப் பார்ப்பதாலேயே தட்டக்கா என்று பேர் வாங்கியவளுக்குத்தான் வயிறு எரிந்தது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையையும் மரச்சுத்தியலால் தட்டிக் கேட்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. நல்லது ‘டங்’ என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘டொக்’. டொக்கைக் கோட்டைவிட்டால், என்றைக்காவது ஒருவர் உட்காரும்போது அது பிளந்து சதையைக் கிழித்துவிடும். வெள்ளிக்கிழமை போகவேண்டிய நாற்பது கோப்பையும் ஒரு முதியோர் இல்லத்துக்கு.

பாட்டு அவளுக்கு ஆகாது என்றில்லை. வீட்டில் பழைய பாட்டை அலறவிட்டுத்தான் சமைப்பாள். இரண்டாவது பாட்டுக்குள் தலைவலி ஓடிவிடும். ஆனால் அது அவளாகப் போடுவது, அவளாக நிறுத்துவது.

“இந்தச் சத்தத்துல டங்கும் டொக்கும் ஒண்ணாத்தான் கேக்குது சார். இந்தக் கூடத்துல மட்டும் நிறுத்துங்க.”

மாப்பிள்ளையின் முகத்தில் கருணை வழிந்தது. “பாருங்கக்கா, இந்தக் கோபம் இருக்கே, இதுதான் மன அழுத்தம். உங்களுக்குத்தான் இசை ரொம்பத் தேவை.”

சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போனார். வாயைத் திறந்தால் நோயாளி, மூடிக்கொண்டால் குணமாகிவிட்டாள். என்ன ஒரு வைத்தியம்!

அவள் சுத்தியலை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக ஒரு கோப்பையிலும், தட்டிப் பார்த்தாயிற்று என்று அவள் போடும் சாக்பீஸ் குறி விழவில்லை. வியாழக்கிழமை அறிவிப்புப் பலகையில் அவள் படம்: தொழிற்சாலையிலேயே சாந்தமான நாடி அவளுடையதாம். சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு நாடி வேறு எப்படி இருக்கும் என்று யோசிக்கும் அளவுக்கு மாப்பிள்ளையின் மண்டையில் சரக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை லாரி வந்து நின்றது. குறியில்லாத கோப்பைகளைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. புல்லாங்குழல் அவருக்கு மட்டும் ஏனோ பலிக்கவில்லை. சுத்தியலை எடுத்து, அந்தப் பாட்டுச் சத்தத்திலேயே நாற்பதையும் தானே தட்டித் தள்ளினார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏத்துங்க.”

“அப்ப ஏதாவது ஒண்ணுல உக்காந்து காட்டுங்க சார்” என்றாள் தட்டக்கா.

மாப்பிள்ளை வரிசையைப் பார்த்தார். பிறகு, லாரியில் ஏற்ற வந்திருந்த சுமைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். “அண்ணே, நீங்க இதுல உக்காருங்க.”

அந்த அப்பாவி மனிதர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தபடி வந்தார். தட்டக்கா அவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுத்தியலை வாங்கி அந்தக் கோப்பையைத் தட்டினாள்.

டொக்.

கூடம் முழுக்கக் கேட்டது. சுமைக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“நான்தான் கிடைச்சேனா சார் உங்களுக்கு?” என்றார்.