மேஸ்திரி நிறம்

பெயிண்டரின் கால் பெருவிரலில் நகத்தை ஒட்டி ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. பெயிண்டர் காலில் புள்ளி வந்தால் வேறென்னவாக இருக்கும்? பெயிண்ட்தான். தின்னரைத் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. அசல் சரக்கு போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டு மறுபடி தேய்த்தார். மாதக்கணக்கில் இந்தத் திருப்பணி நடந்தது. புள்ளி படர்ந்து கசிய ஆரம்பித்ததும் அவர் மனைவி, டாக்டரிடம் போயே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

தோல் டாக்டர் நாற்காலியை விட்டு அசையவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே காலை எட்டிப் பார்த்தார்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“பெயிண்டருங்க.”

“அப்ப பெயிண்ட்தான்.”

“கசியுதுங்க டாக்டர். கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு,” என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்துக்கொண்டே சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். தோல் புற்றுநோய் எப்படியெல்லாம் இருக்கும் என்ற படம். அத்தனையும் வெளுத்த கைகள், வெளுத்த கால்கள். “பாத்தீங்களா? உங்க ஆளுங்க கறுப்புத் தோலுக்கு இது வராதும்மா. குடுத்து வச்சவங்க நீங்க.”

நல்ல வேலை, வாடகைக்கு வீடு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கு ஆள் என்று எதுவுமே அவர்கள் ஆட்களுக்கு லேசில் வராது. நோயும் வராது என்றதும் பெயிண்டருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் எழுதித் தந்த களிம்பைக் கோடை முழுக்கத் தடவினார். புள்ளி விரலையே சுற்றி வளைத்தது.

அவருடைய மேஸ்திரி வெளுத்த ஆள். முழங்கையில் கடுகளவு மச்சம் இருந்தது. அதே டாக்டர் அதை லென்ஸ் வைத்துப் பார்த்து, கையோடு வெட்டியெடுத்து, சோதித்து, ஒன்றுமில்லை என்று போனில் கூப்பிட்டும் சொன்னாராம். மேஸ்திரி நல்ல மனுஷர். “நீயும் அவர்கிட்டயே போய்யா. தங்கமான டாக்டர்,” என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்த ஆளுக்குப் படத்துல இருக்கறதுதான் கண்ணுக்குத் தெரியும். படத்துல இருக்கற மாதிரியே போவோம்.”

“எப்படிப் போறதாம்?”

“ஊரார் சுவத்தையெல்லாம் கேட்ட நிறத்துக்கு மாத்தறீங்க. உங்க காலு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

தொழிலைச் சொன்னால் எந்தப் பெயிண்டருக்குத்தான் ரோஷம் வராது? வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள், துளி சிவப்பு. அச்சு அசலாக மேஸ்திரி. முழங்கால் வரை இரண்டு கோட் அடித்து, புள்ளியைச் சுற்றிச் சின்ன பிரஷ்ஷால் ஓரம் கட்டினார்.

முகத்தைப் பார்க்கும் வழக்கம் டாக்டருக்கு எப்போதுமே கிடையாது. காலைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எழுந்து வந்து மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சார், இதை எப்படி சார் இவ்வளவு நாள் விட்டீங்க?”

சாரா? பெயிண்டர் பின்னால் திரும்பி யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

டாக்டர் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்தார். மேஸ்திரி நிறம் பஞ்சோடு வந்தது. அழுத்தித் துடைத்தார். பெயிண்டரின் சொந்தக் கால் வெளியே வந்தது. புள்ளி அப்படியே இருந்தது. அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தார்.

“எது பெயிண்ட்டுன்னு இப்பத் தெரியுதுங்களா டாக்டர்?” என்றாள் மனைவி.

டாக்டர் அவசர அவசரமாகப் பேனாவை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்று எழுதிக் கொடுத்தார். அங்கே சதையை எடுத்துச் சோதித்தார்கள். கேன்சரேதான்.

“கணுக்காலோட எடுத்தாகணும்,” என்றார் ஆபரேஷன் டாக்டர். “முன்னாடியே வந்திருந்தா விரலோட போயிருக்கும். உங்க ஆளுங்க ஏந்தான் இப்படி லேட்டா வர்றீங்களோ.”

இனி ஏணி ஏற முடியாது. பெயிண்டர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டேதான் பதில் சொன்னாள்.

“நாங்க முன்னாடியே வந்தோம் டாக்டர். காலுக்குக் கலர் அடிக்கத்தான் லேட்டாயிடுச்சு.”