சிர்பாவின் பின்சக்கரங்கள்

ரெய்மா மூன்றாவது முறை சுத்தியலால் தட்டியபோதுதான் பின்சக்கரத்தின் பிரேக் டிரம் அசைந்தது. இரும்புச் சட்டியைக் கவிழ்த்தாற்போன்ற அந்த மூடி துருப்பொடியைக் கொட்டிக்கொண்டு கழன்று வந்தது. உள்ளே பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள். ஒன்றின் பட்டை தானாகவே பெயர்ந்து தரையில் விழுந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற சிர்பா குனிந்து அதை எடுத்துப் பார்த்தாள். காய்ந்த ரொட்டித் துண்டுபோல ஓரம் உதிர்ந்தது.

"இதை நம்பியா நான் தினமும் நிறுத்துனேன்?"

"நீ எங்க நிறுத்துன? உன்னைப் பார்த்துப் பாவப்பட்டு வண்டியே நின்னுச்சு" என்றான் ரெய்மா, வண்டிக்கு அடியிலிருந்து.

பன்னிரண்டு வருடமாக அவள் பெத்தாயவாரா பக்கத்துக் காட்டுச் சாலைகளில் தபால் போடுகிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு தபால்பெட்டிகள். ஒவ்வொன்றின் முன்னும் நிறுத்தி, வலப்பக்க ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போட்டுவிட்டு நகர வேண்டும். அந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்புறமாக ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அதனாலேயே வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள பழைய ஜப்பான் வண்டியைத் தேடி வாங்கினாள். தபாலும், அதைப் பதியும் ஸ்கேனரும் ஒப்பந்தக் கம்பெனியுடையவை. வண்டி அவளுடையது. காலை ஏழரைக்குள் கிடங்கில் ஸ்கேனரைத் தட்டிப் புறப்பட்டாக வேண்டும். மூன்று மாதத்தில் இரண்டு முறை தவறினால் தடம் வேறு ஆளுக்குப் போய்விடும். இந்த ஜனவரியில் இடது டிரம்முக்குள் பனிக்கட்டி இறுகிச் சக்கரம் நகராமல் ஒரு முறை தவறிவிட்டது.

திங்கட்கிழமை வண்டிக்கு ஆண்டுப் பரிசோதனை. அன்று ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தாள். இந்த வண்டிக்குப் புது டிரம் வர ஆறு வாரம் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் கஜானியில் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில், இதே கம்பெனியின் பெரிய வண்டி ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கம் டிஸ்க் பிரேக். போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின. மர அறுவை ஆலையில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்து, முதுகெலும்பு நொறுங்கி வீட்டுக்கு வந்தவன் அவள் கணவன் ரெய்மா. சனிக்கிழமை காலை இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அட்டையை விரித்துக் கொட்டகைத் தரையில் படுத்துவிட்டான்.

"இங்க பாரு" என்று பழைய ஷூவைத் தூக்கிக் காட்டினான். "இது உள்ள இருந்து விரிஞ்சு சட்டியோட சுவரை அமுக்கும். சுத்துற சக்கரமே ஷூவைத் தன்கூட இழுத்து இன்னும் இறுக்கிடும். அதனால லேசா மிதிச்சாலே போதும். ஆனா மூடின சட்டி. உள்ள போன பனி உருகும், திரும்ப உறையும், வெளிய வர வழியே கிடையாது."

"டிஸ்க்ல?"

"திறந்த தட்டு. ரெண்டு பக்கமும் பேட் வந்து கவ்வும், அவ்வளவுதான். தண்ணி பட்டா சுத்துற சுத்துல தெறிச்சுப் போயிடும்."

பின்பக்கம் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வையும் அந்தப் பெரிய வண்டியிலிருந்தே கழற்றி வந்திருந்தான். டிஸ்க்குக்கு வேண்டிய அழுத்தம் வேறு. பழைய வால்வை விட்டுவைத்தால் முன்னும் பின்னும் ஒத்துப்போகாது. அதன் ஹேண்ட்பிரேக் கேபிள் மட்டும் இந்த வண்டிக்கு ஒரு சாண் அதிகமாக இருந்தது. எனவே பழைய கேபிளின் நுனியை மாற்றிப் பொருத்தினான். இரண்டு சக்கரங்களுக்கும் பிரிவதற்குச் சற்று முன்னால் கேபிளின் மேல்குழாயில் நகத்தளவு கீறல் இருந்தது. துடைத்துவிட்டுக் கறுப்பு டேப்பை நான்கு சுற்று சுற்றினான்.

"புது கேபிள் ரெண்டு வாரத்துல வந்துடும். அதுவரைக்கும் தாங்கும்."

ஞாயிறு மாலை எழுந்திருக்க முடியாமல் சிர்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

பரிசோதனை நிலையத்தில் பரிசோதகர் கௌப்பினென் வண்டியை உருளைகளின் மேல் ஏற்றிக் கால்பிரேக்கை மிதித்தார். அளவுமானியின் இரண்டு முட்களும் ஒன்றுபோல ஏறின.

"யாரு பண்ணினது இது?"

"என் வீட்டுக்காரர்."

"குழாயெல்லாம் அளவு எடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கு" என்றவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். முட்கள் அசையவே இல்லை. மறுபடி இழுத்தார். இல்லை.

சிர்பா வண்டியின் ஜன்னலருகே குனிந்தாள். "ஃபெயிலா?"

கௌப்பினென் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க ஹேண்ட்பிரேக்கையே தொட்டதில்ல, அப்படித்தானே?"

"குளிர்காலத்துல யாருங்க அதை இழுப்பா? கியர்ல போட்டு விட்டுடுவோம். காலையில உறைஞ்சு நின்னா யாரு தள்றது?"

"ஊரே அப்படித்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனா இந்த மாதிரி டிஸ்க்ல, பேட்டை அமுக்குற காலிப்பரோட பிஸ்டனுக்குள்ள ஒரு திருகு இருக்கு. நீங்க ஒவ்வொரு தடவை நெம்புகோலை இழுக்கும்போதும் அது ஒரு பல் நகர்ந்து, பேட் தேய்ஞ்ச இடைவெளியை மூடும். இழுக்கலைன்னா நகராது. உட்காருங்க, இழுங்க. நான் ஒரு காப்பி குடிச்சிட்டு வரேன்."

அவள் இழுத்தாள், விட்டாள். முப்பதாவது முறை நெம்புகோல் கனத்தது. நாற்பதாவது முறை நாலு பல்லிலேயே நின்றது. கௌப்பினென் வந்து உருளையை ஓட்டினார். முட்கள் ஏறின. ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நிறுத்துற ஒவ்வொரு தடவையும் இழுங்க. இல்லைன்னா பிஸ்டன் உள்ளயே பிடிச்சுக்கும், அடுத்த வருஷம் அழுதுகிட்டு எங்கிட்ட வருவீங்க."

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் வண்டியைக் கழுவினாள். குனிந்து புது டிஸ்க்குகளின் மேலும் நீரைப் பீய்ச்சி, சாலை உப்பை ஓடவிட்டாள். தட்டுகள் கண்ணாடிபோல மின்னின. வீட்டுக்கு வந்து முற்றத்தில் நிறுத்தினாள். கை பழக்கப்படி கியரைப் போட்டது. பிறகு நினைவு வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். நாலு பல்.

உள்ளே ரெய்மா மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தான். "பாஸ்" என்றாள் காதருகே. அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான்.

காலையில் ஜன்னலுக்கு வெளியே இருந்த வெப்பமானி மைனஸ் இருபத்தொன்பது காட்டியது. எஞ்சின் உடனே பிடித்தது. நெம்புகோலை இறக்கினாள், கியரைப் போட்டாள். முன்சக்கரங்கள் உறுமிக்கொண்டு இழுத்தன. வண்டி நகர்ந்தது, ஆனால் பின்னால் ஏதோ மாட்டை இழுத்துக்கொண்டு போவதுபோலக் கனத்தது. சாலை முனைவரை வந்து இறங்கிப் பார்த்தாள். வீட்டிலிருந்து அங்குவரை பனியில் இரண்டு வழுவழுப்பான பட்டைகள். டயர் தடமே இல்லை. சக்கரம் சுற்றவே இல்லை.

ரெய்மா செருப்போடு ஓடிவந்தான். "ஹேண்ட்பிரேக்கை இழுத்தியா?"

"அவர் இழுக்கச் சொன்னாரே! டிஸ்க் உறையாதுன்னு நீயும் சொன்னியே!"

"டிஸ்க் உறையல." அவன் பனியில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டான். டேப் பிரிந்து தொங்கியது. "கழுவினியா?"

"உப்பு போகட்டும்னுதான்."

"தண்ணி கீறல் வழியா கேபிளுக்குள்ள போயிருக்கு. இழுத்த இழுப்புலயே உறைஞ்சு நிக்குது. ஓட்டாத, டயர் கிழிஞ்சிடும். போய் கேஸ் ஊதுவிளக்கை எடுத்துட்டு வா."

அவன் மல்லாந்து படுத்தான். அட்டை இல்லை, இடுப்புப் பட்டை இல்லை. நீல நெருப்பைக் குழாய் நெடுகத் தள்ளித் தள்ளிப் பிடித்தான். ஒரே இடத்தில் பிடித்தால் குழாய் உருகிவிடும். சிர்பா கிடங்குக்குப் போன் செய்தாள். கண்காணிப்பாளர் யானா எடுத்தாள்.

"யானா, சக்கரம் மாட்டிக்கிச்சு. கால் மணி நேரம் குடு."

"நான் என்ன குடுக்க, சிர்பா? ஏழரைக்கு ஸ்கேன் விழலைன்னா மெஷின் தானா அடுத்த ஆளுக்குப் போட்டுடுது. சீக்கிரம் வாயேன்."

ஏழு ஐம்பதுக்கு உள்ளே எதுவோ முறிவதுபோல ஒலித்தது. கேபிளை மாட்டியிருந்த காலிப்பர் கொக்கிகள் தளர்ந்து பின்னால் சரிந்தன. "போ" என்றான் ரெய்மா. அவன் எழுந்திருக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

கிடங்கில் அவளுடைய அலமாரி காலியாக இருந்தது. யானா மேசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"தபாலை வேன்ல வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. டவுன்ல இருந்து."

"பரிசோதனையில பாஸாயிட்டேன், பாரு." சிர்பா ரசீதை நீட்டினாள்.

யானா அதை வாங்கி, இருபுறமும் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா பண்ணியிருக்கார் ரெய்மா" என்றாள். பிறகு தணிந்த குரலில், "ஸ்கேனரை இங்கயே வச்சிட்டுப் போ, சிர்பா."

நண்பகலில் சிர்பா சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தாள். அடுப்பில் பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ரெய்மா கொட்டகையில் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றியிருந்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

சாலையில் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. இடப்பக்க ஸ்டியரிங். ஓட்டுநர் இறங்கி, முன்னால் சுற்றி நடந்துவந்து, சாலையோரம் வரிசையாக நின்ற தபால்பெட்டிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். கடைசிப் பெட்டியைத் திறந்து ஒரு விளம்பரத் தாளைப் போட்டார். அது சிர்பாவின் பெட்டி. மறுபடி சுற்றி நடந்துபோய் ஏறினார். வேனைத் திருப்ப இடம் தேடி முற்றத்து வழிக்குள் பாதி தூரம் வந்து பின்னால் போனார். காலையில் விழுந்த இரண்டு வழுவழுப்பான பட்டைகளின் மேல் புது டயர்களின் தடம் அழுத்தமாகப் பதிந்தது.

பனிக்குவியலுக்குப் பின்னால் இருந்த பக்கத்து வீட்டுப் பெட்டியை அவர் பார்க்கவில்லை. வேன் அதைத் தாண்டிப் போயிற்று.

கொட்டகையிலிருந்து ரெய்மாவின் குரல் வந்தது.

"சிர்பா! வந்து பாரேன், சுத்துது! ஒரு விரலால தள்ளினா போதும், நிக்காம சுத்துது!"